மேல்வீட்டுக்காரியின் நீலம்

தொடங்கிய வேலையை முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. எனக்குத் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான். வறுத்து அரைத்த தூளை அன்றைக்கே பைகளில் அடைத்து ஒட்டிவிட வேண்டும். கூட்டத் தொடங்கினால் வாசல்வரை கூட்ட வேண்டும். சண்டை பிடித்தாலும் அப்படித்தான், என் மனுசனைக் கேட்டால் விபரமாகச் சொல்வார். அப்படிப்பட்ட எனக்கென்று வந்து வாய்த்தாள், எதையுமே முடிக்கத் தெரியாத ஒருத்தி.

அப்போது லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். கடைக்கு மேலே இருந்த பெரிய அறையில் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தோம். அதை வாடகைக்கு விடுவதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிய கிழமையே அவள் வந்தாள். கட்டையான உருவம். முழங்கைவரை காய்ந்துபோன பெயின்ட். தலைமயிரில் ஒரு பக்கத்தைப் பின்னி மற்றப் பக்கத்தை அப்படியே விட்டிருந்தாள். செத்தல் மிளகாய்ப் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். அவள் ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு, "மெக்சிக்கோவில் இதைக் குழந்தைகளுக்குக் கொடுப்போம்" என்றாள். பச்சைப் பொய். இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டி நின்றது. எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

அவளுக்கு நீளமான, அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் கடையில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. மேல்வீட்டுக்காரி என்றால் அவள்தான். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் அதுதான் என் பெயர் என்று கனகாலம் நினைத்திருக்கிறாள்.

எங்களிடம் அவள் படித்த முதல் தமிழ்ச் சொல் 'காணாது'. யாழ்ப்பாணத்தில் போதும் என்பதற்குக் காணும் என்போம். போதாது என்றால் காணாது. நான் மிளகாய்த்தூள் அள்ளிப் போடும்போது சனம் "காணும் அக்கா, காணும்" என்று கையைக் காட்டி நிறுத்தும். இவள் மட்டும் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்று "காணாது" என்பாள். இன்னொரு கரண்டி போட்டாலும் "காணாது"தான். அந்தச் சொல்லை அவள் மிளகாய்த்தூளோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

அவள் படம் கீறுகிறவள். படம் என்றால் அதில் ஆள் இராது, மரம் இராது, வீடுவாசல் ஒன்றும் இராது. ஆள் உயரத்துக்கு இழுத்துக் கட்டிய துணி. அதில் ஒரு மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே ஒரு காவி. நடுவில் ஒரு கோடு புறப்பட்டுவந்து, போவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். என் மனுசன் முதல்தரம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் காதுக்குள் கேட்டார்.

"இஞ்சரும், சுவருக்கு அடிக்கிற பெயின்டைத் துணியிலை அடிச்சு வைச்சிருக்கிறாள். உதுக்கு என்ன பேராம்?"

"இன்னும் பேர் வைக்கேல்லையாம். படம் முடியேல்லையாம்."

"எப்ப முடியுமாம்?"

"அதை அவளிட்டைப் போய்க் கேளுங்கோ."

அவர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே "காணாது" என்றாள். மனுசன் அதற்குப் பிறகு மேலே போகவில்லை.

பின்னேரத்தில் கடைக்குச் சனம் வருவது குறைகிற நேரம் நான் தேத்தண்ணீர் கொண்டு போவேன். அந்த அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. லண்டனின் சாம்பல் வெளிச்சம் அதற்குள்ளால் வந்து தரையில் படுத்துக் கிடக்கும். டர்பன்டைன் மணத்தோடு கீழேயிருந்து மல்லி வறுத்த மணமும் ஏறிவரும். அவள் தூரிகையைக் கையில் பிடித்தபடி நிற்பாள், துணியைத் தொடமாட்டாள். நான் மிச்சமிருந்த ஒற்றை அரிசி மூட்டையில் குந்தியிருப்பேன். பேச்சில்லை. வெளியே பஸ் போகும், மழை தூறும், விடும். இன்றைக்கு என்ன கிழமை, அடுப்பில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் என்னைவிட்டுக் கழன்றுபோகும். கடை வாசல் மணி அடித்தால்கூட அது வேறு யாருடைய கடையிலோ அடிக்கிறது போலத்தான் கேட்கும்.

தேத்தண்ணீரில் எப்போதும் கடைசி வாயை மிச்சம் விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்த ஒரு வாயையும் குடிச்சால் என்ன, தொண்டைக்குள்ளை இறங்காதோ?"

எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், மீதி கைப்பாஷை. அவள் கோப்பையைச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குடித்து முடித்தால் நீ கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவாய்."

கடையை மறந்து இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வந்தேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாமே அப்படித்தான். சொல்லத் தொடங்கிய கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். "பிறகு?" என்றால் "பிறகு சொல்கிறேன்" என்பாள். போய்வருகிறேன் என்று சொல்லி ஒருநாளும் போனதில்லை. திரும்பிப் பார்த்தால் ஆள் இராது. எங்களிடம்தான் டெலிபோன் கார்ட் வாங்குவாள், கிடக்கிறதுக்குள் சின்னதாக. மெக்சிக்கோவில் இருந்த தமக்கையோடு கதைப்பதற்கு. கதை நடுவில் கார்ட் முடிந்து லைன் அறுந்துவிடும். "பெரிய கார்டாய் எடுத்தால் ஆறுதலாக் கதைச்சு முடிக்கலாமெல்லே?" என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவளுக்கு அறுந்துபோவதுதான் பிடிக்கும். போனை வைக்கும்போது சொல்லவேண்டிய அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் தப்பிவிடலாம்.

அந்தத் தமக்கைதான் அவளை வளர்த்தது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து வளர்த்திருக்கிறார். தங்கச்சி லண்டனுக்குப் போய்ப் பெரிய படக்காரியாக வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர், அதுவரை அவளுடைய ஒரு படத்தைக்கூடக் கண்டதில்லை. எப்படிக் காண்பது? அவள் ஒரு படத்தை முடித்தால்தானே.

நீலப் படத்தின் கதையை இங்கே சொல்லவேண்டும். ஒரு பின்னேரம் மேலே போனபோது அந்தப் பெரிய துணி முழுக்க நீலமாக நின்றது. எந்த நீலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விடியற்காலையில் முழிப்பு வந்தும் வராமல் கிடக்கும்போது கண்ணுக்குள் ஒரு நிறம் தெரியுமே, அது. நான் தேத்தண்ணீரைக் கொடுக்க மறந்துபோய் மூட்டையில் இருந்தேன். இருந்தபடியே உறங்கினேனோ என்னவோ. எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை, கடைக் கவலை, பிள்ளைகளின் கவலை, ஊரில் யார் யார் எப்படியோ என்ற கவலை, ஒன்றுமே இல்லை. லண்டனுக்கு வந்தபிறகு அப்படி ஒருநாளும் நான் இருந்ததில்லை. மனுசன் கீழே நின்று கத்திக் கூப்பிட்டுத்தான் இறங்கினேன்.

அடுத்த கிழமை போனேன். நீலம் இல்லை. துணி முழுக்கச் செங்கல் நிறச் சிவப்பு.

"எங்கையடி அந்த நீலம்?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு விளங்கியது.

"இருக்கிறது. கீழே இருக்கிறது. போகவில்லை."

"கீழை இருந்தென்ன, மேலை இருந்தென்ன? எனக்குத் தெரியேல்லையே! ஆரைக் கேட்டு அழிச்சனி?"

"அழிக்கவில்லை, அக்கா. மூடினேன். காணாது, அதுதான்." துணியை மரச்சட்டத்தில் மடித்து ஆணி அடித்திருந்த பக்கத்து விளிம்பை விரலால் காட்டினாள். "இங்கே வந்து பார். எல்லாம் இங்கே இருக்கிறது."

"எனக்கு உன்ரை விளிம்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு இறங்கிவிட்டேன். யாரோ சொந்தக்காரர் செத்தது மாதிரி அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா ஒரு பெயின்டுக்கு இப்படி அழுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு கிழமை மேலே தேத்தண்ணீர் போகவில்லை. பிறகு அவளே இறங்கிவந்து மிளகாய்த்தூள் கேட்டாள், நான் அள்ளினேன், "காணாது" என்றாள். கோபம் போய்விட்டது.

அதற்கு முன்னமே இரண்டு இடத்தில் அவளுடைய படங்களை வைக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் திறப்புக்கு முதல்நாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். மற்ற இடத்தில் சுவரில் மாட்டிய படங்களைத் தானே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இனி இவளை நம்பி ஒருவரும் சுவர் தரமாட்டார்கள் என்று இருந்தபோதுதான் அந்தத் தாடிக்காரர் வந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால், முந்தி அச்சகமாக இருந்த ஒரு கட்டடத்தைக் படம் வைக்கும் காலரியாக மாற்றி நடத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். மேலே ஏறி அரைநாள் நின்று பார்த்தார். கீழே வந்து எங்களிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, கோடையில் கண்காட்சி வைக்கிறேன் என்றார்.

அதே கிழமை மெக்சிக்கோவிலிருந்து செய்தி வந்தது. தமக்கைக்குச் சீனி வருத்தம். கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். நேரே பார்த்தால் வெறும் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதுவும் இந்த வருசத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கண் கிடக்கிறபோதே உன்னுடைய ஒன்றையாவது பார்க்கவேண்டும், கண்காட்சிக்கு வருகிறேன்" என்று தமக்கை சொன்னாராம். அந்த முறை மேல்வீட்டுக்காரி பெரிய கார்ட் வாங்கியிருந்தாள். ஆனாலும் பாதியில் தானே போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அன்றுமுதல் நெஞ்சிடி. இவள் இந்த முறையும் கழற்றிக்கொண்டு வந்தால் அந்த மனுசி கடல் தாண்டி வந்து வெறும் சுவரைத்தான் பார்க்கவேண்டும். பிறகு பார்க்கக் கண்ணும் இராது.

கண்காட்சிக்கு முதல்நாள் எங்கள் கடையின் சாமான் ஏற்றும் வானில்தான் படங்கள் போயின. தாடிக்காரர் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "அந்தச் சிவப்பு காணாது. நாளைக்கு என் தமக்கையை ஏர்போட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்ததும் கொஞ்சம் திருத்துகிறேன்" என்றாள். அவளுடைய கொஞ்சம் எனக்குத் தெரியாதா? தாடிக்காரர் என்னை மூலைக்குக் கூட்டிப்போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டார்: எப்படியாவது அவளுடைய பெயின்ட் பெட்டியை எடுத்து ஒளித்துவிடுங்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக் குளிரறையில் கொத்தமல்லிக் கட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்தநாள் அவள் ஏர்போட்டுக்குப் போய்விட்டாள். நான் மாலையில் வருகிறவர்களுக்குக் கொடுக்க ரோல்ஸும் பற்றிஸும் பொரித்து எடுத்துக்கொண்டு காலரிக்குப் போனேன். உதவிக்குக் குட்மேய்ஸிலிருந்து என் மனுசனின் தமக்கை வந்திருந்தார். மச்சாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புதுச் சாமான் எதைக் கண்டாலும் அவருக்குக் கை நிற்காது, சந்தனமும் குங்குமமும் வைத்தாகவேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பிள்ளைகளின் கம்ப்யூட்டர். கவுன்சில் கொண்டுவந்து வைத்த புதுக் குப்பைத்தொட்டிக்கும் பொட்டு வைத்த மனுசி. கைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சிமிழ் இருக்கும்.

நான் பின்பக்கத்தில் ரோல்ஸை அடுக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். கடைசிப் படத்தின் முன்னால் மச்சாள் கண்ணை மூடி நிற்கிறார்.

"ஐயோ மச்சாள்! என்ன வேலை பாத்தியள்?"

"ஏன், என்ன? புதுப் படம் எல்லே. நாலு சனம் வந்து பாக்கிற இடம். கண்ணூறு படக் கூடாது."

"அவள் ஒருத்தரையும் தொட விடாள்!"

"நான் எங்கை தொட்டனான்? பொட்டுத்தானே வைச்சனான்."

துடைப்போம் என்று சீலைத் தலைப்பைக் கொண்டுபோனேன். முந்தின கிழமையும் மேலே பூசியிருந்த சிவப்பு இன்னும் சரியாகக் காயவில்லை. துடைத்தால் இழுபட்டு இன்னும் கெட்டுப்போகும். தாடிக்காரர் வெளியே நின்று சிகரெட் பிடித்துவிட்டு வந்தார், பார்த்தார், நாற்காலியில் இருந்துவிட்டார். "முடிந்தது. இனித் திருத்துவதற்கு அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது" என்றார். மச்சாள் மட்டும் ஒரு பற்றிஸை எடுத்துப் பதம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மேல்வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன அம்மா. வெள்ளைத் தலை, கறுப்புக் கண்ணாடி, தானே தைத்த மாதிரித் தெரிந்த ஒரு சட்டை. தலையை ஒரு பக்கம் சரித்துக் கடைக்கண்ணால் நடந்து வந்தார்.

அவள் பொட்டுகளைக் கண்டாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று கண் போய்க்கொண்டே இருந்தது. தமக்கையின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, என் பெட்டி எங்கே?"

"தரமாட்டன்" என்றேன்.

"என்னவாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"படத்தைத் திருத்தப் போறாளாம்."

"திருத்திறதோ? பொட்டு வைச்சாப் பிறகோ?" மச்சாளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "சாமிக்குக் கண் திறந்தாப் பிறகு சிற்பி உளியைத் தொடுவாரோ? நல்லா இருக்கு கதை. சொல்லும் அவளுக்கு!"

என்னால் ஏலுமான ஆங்கிலத்தில் சொன்னேன். கல்லில் சாமி செய்கிறவர் எல்லாம் செதுக்கிவிட்டுக் கடைசியில்தான் கண்ணைத் திறப்பார். அதற்குப் பிறகு அவர் உளி வைக்கமாட்டார், அவருக்கு அதில் உரிமையில்லை.

"அது முடிந்துவிட்டது என்று யார் சொல்வது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்றேல்லை. கண் திறந்தால் அது பாக்கத் தொடங்கிவிடும். அவ்வளவுதான்."

அப்போதுதான் தமக்கை எங்கே என்று திரும்பினோம். அந்த அம்மா தனியே நடந்து அந்தப் பெரிய சிவப்புப் படத்துக்குப் போயிருந்தார். நேரே நின்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய், சந்தனத்தை மணந்து, தனக்குள் சிரித்தார். பிறகு முகத்தைத் துணியின் ஓரமாகவே கொண்டுபோனார், தைத்த துணியில் தையல் பார்க்கிறவர்போல. பக்கத்து விளிம்பில் வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தலையைச் சரித்தார்.

"அசூல்" என்றார்.

எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது. ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மடித்து அடித்த விளிம்பில், சிவப்புக்குக் கீழே, மஞ்சளுக்கு மேலே, விரலகலத்துக்கு அந்த நீலம். அந்தப் பின்னேரம் நான் பார்த்த அதே நீலம். போகவில்லை. நான் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்த அம்மா விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே தங்கச்சியிடம் என்னவோ மெதுவாகக் கேட்டார்.

"என்ன கேக்கிறா?" என்றேன்.

"இதை எவ்வளவு காலம் எனக்காக வைத்திருந்தாய் என்று கேட்கிறா."

வாசலில் சனம் வரத் தொடங்கியது. தாடிக்காரர் எழுந்து விளக்குகளைப் போட்டார். மேல்வீட்டுக்காரி பெட்டியைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. தமக்கையை ஒவ்வொரு படமாக, நேரே அல்ல, ஓரம் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா ஒவ்வொரு விளிம்பிலும் நின்று நின்று ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். வந்த சனமெல்லாம் பொட்டுகளைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய விஷயம் என்று தலையாட்டியது. மச்சாள் ரோல்ஸ் தட்டோடு நடுவில் நின்று, எல்லாம் தன்னால்தான் என்பதுபோல எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்று முடிந்து தமக்கையை நாற்காலியில் இருத்திவிட்டு அவள் என்னிடம் வந்தாள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். கோப்பையைத் திருப்பித் தந்தபோது பழக்கத்தில் உள்ளே பார்த்தேன். அடியில் ஒரு சொட்டும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?"

அவள் தமக்கையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"காணும், அக்கா" என்றாள்.